பூஜ்யத்துக்குக் கீழே

ஒன்றாம் எண் முள் பூஜ்யத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிருந்தது. அதிகமில்லை, நாலே நாலு கோடு. வேறு யாராக இருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் பார்த்தவள் முள்ளக்கா. பதினேழு வருஷமாக டயல் முள்ளைப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவள். கட்டட வேலைக்காரர்கள் அவளுக்கு அந்தப் பெயர் வைத்தது அதனால்தான். அவள் வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் வேறு காரணமும் சொல்வார்கள், அது கிடக்கட்டும்.

குனிந்து டயலின் கண்ணாடியைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். விரலால் லேசாகத் தட்டினாள். முள் துடித்துவிட்டு அதே இடத்துக்கு வந்து நின்றது. நாலு கோடு. எதிர்ப்பக்கம்.

"இது என்ன கூத்து," என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு நோட்டில் எழுதினாள். மணி பன்னிரண்டே முக்கால்.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் துணிக்கடை. நாலு தளம், அகலமான படிக்கட்டு, தள்ளுபடி போட்டால் தெருமுனை வரை ஆள் நிற்கும் என்று சொல்வார்கள். அப்படி ஒரு தள்ளுபடி நாளன்று திடீரென்று மூடினார்கள். பிறகு திறக்கவே இல்லை. ஏன் மூடினார்கள் என்று, தகரத் தடுப்பு போடும் பார்ட்டிஷன் மேஸ்திரியிடம் அவள் ஒருமுறை கேட்டாள். "அந்தப் பேச்செல்லாம் நமக்கு எதுக்குக்கா? வேலை நடந்தா சரி," என்று சொல்லி ஸ்க்ரூ டப்பாவைத் தேடப் போய்விட்டார். இப்போது புது முதலாளி அதைச் சாமான் வைக்கும் அறைகளாக மாற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் இடம் போதாதவர்கள் பழைய பீரோவையும் அட்டைப்பெட்டிகளையும் கொண்டுவந்து ஆளுக்கொரு அறையில் பூட்டி வைத்துவிட்டுப் போகலாம். ஜன்னல்களையெல்லாம் தகடு வைத்து அடைத்தாயிற்று. இரண்டாம் தளம் முழுக்க வெள்ளைத் தகரத் தடுப்பு எழுப்பி, நடுவே நீளமான ஒரு நடை, அதன் இரண்டு பக்கமும் நாற்பத்தெட்டு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆரஞ்சு நிற ஷட்டர், அறைகளுக்கு மேலே கூரையாகக் கம்பி வலை. மூன்றாம் தளம் இன்னும் வெறும் தரைதான்.

துணி கனம் வேறு, ஜனங்கள் சேர்த்து வைக்கும் சாமானின் கனம் வேறு. தளம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் முள்ளக்கா. மூன்றாம் தளத்தில் மெத்தை மெத்தையாக எட்டு ரப்பர்ப் பைகளைப் பரப்பித் தண்ணீர் நிரப்புவார்கள். பை ஒன்று ஒரு டன். அதற்குக் கீழே, இரண்டாம் தளத்து நடையில், படிக்கட்டிலிருந்து கடைசிச் சுவர் வரை வரிசையாக ஒன்பது ஸ்டாண்டுகள். ஸ்டாண்டின் கால் இந்தத் தரையில் நிற்கும். அதன் உச்சியிலிருந்து ஒரு கம்பி மேல்தளத்தின் அடிவயிற்றைத் தொட்டிருக்கும்; கம்பியின் அசைவை இடுப்பு உயரத்தில் இருக்கும் டயல் காட்டும். மேலே பாரம் ஏற ஏறத் தளம் மயிரிழை தாழும், கம்பி அழுந்தும், முள் நகரும். பாரத்தை இறக்கினால் முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் திரும்பி வர வேண்டும். பூஜ்யத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போக அதற்கு வழியே இல்லை. பதினேழு வருஷத்தில் போனதில்லை.

இரண்டாம் தளத்தை இரண்டு மாதம் முன்பே இதே மாதிரி சோதித்துச் சான்றிதழ் கொடுத்தவளும் அவள்தான். அது கல்லு மாதிரி நின்றது. அந்த நம்பிக்கையில்தான் அதன் மேலே ஸ்டாண்டை வைத்தாள்.

வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"குட்டி, தண்ணி எல்லாம் இறங்கிடுச்சா?"

கொஞ்சம் கரகரப்பு. பிறகு தங்கையின் குரல். "எங்கக்கா? பாதிதான் போயிருக்கு. இந்தக் குழாய் ரொம்ப மெதுவா இழுக்குது."

"படிக்கட்டுப் பக்கத்துப் பை?"

"அதுலயும் கால்வாசி இருக்கு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நீ தண்ணி குடிச்சியா? சும்மா நிக்காதே, ஸ்டூல் போட்டு உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன், தாயே. நாலு மணிக்கு என்னை வீட்டுல விட்டா சரி. இப்பவே மார் கனக்குது."

தங்கைக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு இதுதான் முதல் வேலை. அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். வற்புறுத்தி இழுத்துவந்தது முள்ளக்காதான். "ரெண்டே நாள்டீ. மேலே நின்னு வால்வைத் திறந்து மூடணும், அவ்வளவுதான். புதுசா ஒருத்தரை வெச்சுக்கிட்டு நான் மாரடிக்க முடியாது." தங்கையின் மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முறைத்தபோது, "நாலு மணிக்கு முழுசா கொண்டுவந்து ஒப்படைக்கிறேன் அத்தை, போதுமா?" என்று சிரித்துவிட்டு வந்திருந்தாள். பாரம் ஏற்றிய தளத்துக்குக் கீழே நிற்பதுதான் இந்த வேலையில் ஆபத்தான இடம். அதனால் கீழே எப்போதும் அக்கா, மேலே எப்போதும் தங்கை. அதை இருவரும் பேசி முடிவு செய்ததில்லை; அக்கா கீழே போய் நிற்பாள், தங்கை மேலே ஏறுவாள்.

அவள் நடையில் நடந்து மற்ற முட்களையும் பார்த்தாள். இரண்டு, மூன்று, நாலு, எல்லாம் ஒழுங்காகத் தண்ணீருக்கு ஏற்றபடி இறங்கிக்கொண்டிருந்தன. ஐந்தாவது நட்டநடுவில். அதற்கு நேராக இடதுபக்கம் முப்பத்தோராம் எண் அறை. நடை முழுக்கப் புதுத் தகரத்தின் எண்ணெய் வாசனையும் ரப்பர் வாசனையும் அடைத்துக் கிடந்தன. சுவருக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் குடுகுடுவென்று இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பார்ட்டிஷன் ஆட்கள் மேஸ்திரியோடு சேர்ந்து எதிர்த்தெருவுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். வெளியே பட்டப்பகல், வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே ஜன்னல் இல்லாத குழல் விளக்கு வெளிச்சத்தில் மணி என்னவென்று கடிகாரம் சொன்னால்தான் தெரியும்.

ஒன்பதாவது வரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஒன்றாம் எண் இப்போது பதினாறு கோடு எதிர்ப்பக்கம். இரண்டாம் எண் ஏழு.

அவள் நின்றாள். இரண்டாம் எண்ணைப் பார்த்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வலதுபக்கம் முப்பதில் நின்றிருந்த முள் எப்படி இடதுபக்கம் ஏழுக்கு வரும்? மேலே போய் யாராவது பையைக் கத்தியால் கிழித்திருந்தாலும் இவ்வளவு வேகம் வராது.

சோதனை நடக்கும்போது டயலைத் திருப்பி மறுபடி பூஜ்யம் வைக்கக்கூடாது என்பது சட்டம். தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். முள் ஒரு கோடு நகர்ந்தது. நின்றது. இன்னொரு கோடு. நின்றது. தண்ணீர் வடியும்போது முள் வழுக்கிக்கொண்டு ஒரே சீராக வரும். இது அப்படி இல்லை. தயங்கித் தயங்கி, ஒவ்வொன்றாக வந்து சேர்வது போல நகர்ந்தது.

கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை வந்தது.

பழைய கடை, சுவரில் ஊறியிருக்கும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் இரண்டு மாதமாக இந்தத் தளத்தில் வந்து போகிறாள், ஒரு நாளும் இந்த வாசனை வந்ததில்லை. அதற்கு அடியில் வேறு ஒரு வாசனையும் இருந்தது. தலையெண்ணெய், வியர்வை, சின்னப் பிள்ளைகளின் பவுடர். கூட்டமான பஸ்ஸில் ஏறினால் முகத்தில் அடிக்குமே, அது.

மூன்றாம் எண் பூஜ்யத்தைத் தாண்டியது.

பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டாள். பயம் வந்தால் கணக்குப் போடுவது அவள் பழக்கம். எண்கள் பொய் சொல்லாது என்று நம்பி வளர்ந்தவள். முள் எதிர்ப்பக்கம் போகிறது என்றால் மேல்தளத்துக்கும் கம்பிக்கும் இடைவெளி கூடுகிறது. அப்படியென்றால் மேல்தளம் எழும்புகிறது. காங்கிரீட் தானாக எழும்பாது. நேற்றுக் காலை அவள் பூஜ்யம் வைத்தபோது அதன் மேலே ஏதோ ஒரு பாரம் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். அது இப்போது இறங்கிப் போகிறது. அப்போதுதான் முள் பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

"குட்டி, நேத்து நான் பூஜ்யம் வெச்சப்ப மேலே ஏதாவது கிடந்துச்சா? தகரக் கட்டு, சிமென்ட் மூட்டை, ஏதாவது?"

"நீதானேக்கா வந்து பார்த்த? கூட்டிப் பெருக்கின தரை. ஒரு துரும்பு இல்ல."

"நல்லா ஞாபகப்படுத்திப் பாரு."

"ஐயோ, நம்பலைன்னா போ. எதுக்கு இப்படி உயிரை வாங்குற?"

ஐந்தாம் எண்ணிடம் போனாள். நூற்றுப்பத்து கோடு எதிர்ப்பக்கம். நேற்று எட்டு டன் தண்ணீர் முழுசாக நின்றபோது இதே முள் வலதுபக்கம் நூற்றெண்பது வரை போனது. கணக்கு மனதிலேயே முடிந்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் நூற்றிருபது. நூற்று முப்பத்தைந்து. ஐந்து டன், ஆறு டன். கூட்டிப் பெருக்கின வெறும் தரையிலிருந்து ஆறு டன் எங்கே போகிறது?

அப்போதுதான் விளக்குகளைக் கவனித்தாள். இந்த நடையில் போட்டிருப்பது ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் விளக்கு. காலையிலிருந்து அது ஒரு தொல்லை. ஒரு நிமிஷம் அசையாமல் நின்று முள்ளைப் பார்த்தால் அணைந்துவிடும், கையை ஆட்டி ஆட்டி எரியவைக்க வேண்டும். இப்போது படிக்கட்டிலிருந்து கடைசிச் சுவர் வரை எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒன்பதாம் எண்ணிடம் போய் வந்து கால்மணி நேரம் ஆகியிருக்கும். ஒன்றுகூட அணையவில்லை.

தகரத் தடுப்பு ஒன்று 'டப்' என்று நெளிந்தது. தொலைவில். பிறகு பக்கத்தில். வெயிலில் தகரம் விரியும் சத்தம்தான். வெயிலே இல்லாத இடத்தில்.

பேய் பிசாசு என்றெல்லாம் அவள் புத்தி போகவில்லை. தளத்துக்குள்ளே கம்பி அறுகிறது, எங்கேயோ வெடிக்கப் போகிறது, மேலே என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் தோன்றியது. வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"குட்டி, எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு இறங்கி வா."

"தண்ணி இன்னும்..."

"தண்ணி நாசமாப் போகட்டும். மேலே இருக்காதே. சுவர் ஓரமா நடந்து படிக்கு வா. ஓடாதே. கீழே எங்கிட்ட வந்துடு."

"என்னக்கா ஆச்சு? பயமுறுத்தாதே."

"வந்தப்புறம் சொல்றேன். வாடீன்னா வா!"

செருப்புச் சத்தம் தலைக்கு மேலே கேட்டது. சரக் சரக் என்று, சுவர் ஓரமாகவே போனது. சொன்ன பேச்சைக் கேட்டாள், நல்ல பிள்ளை. சத்தம் படிக்கட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது. முள்ளக்கா மூச்சை விட்டாள். இரண்டு திருப்பம், முப்பது படி. அரை நிமிஷத்தில் நடை முனையில் தங்கையின் மஞ்சள் குர்தா தெரிந்துவிடும். கையைப் பிடித்துத் தரைத்தளம், தெரு, வெயில். குழந்தைக்காரியை இதில் இழுத்துவிட்டேனே என்று தன்னையே ஏசிக்கொண்டு நோட்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள்.

அரை நிமிஷம் போயிற்று. ஒரு நிமிஷம்.

"குட்டி? எங்க இருக்க?"

"படியிலதான்." தங்கைக்கு மூச்சு வாங்கியது. "வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். முன்னாடி போறவங்க நகரவே மாட்டேங்கிறாங்களே."

"முன்னாடி யாரு?"

"யாரோ. இந்த விளக்கும் எரியலையா, முகம் தெரியல. மேஸ்திரி ஆளுங்கதானே? நீ கூப்பிட்டு அனுப்பினியா?"

மேஸ்திரியிடம் மொத்தம் ஆறு பேர். ஆறு பேரும் எதிர்த்தெருவில்.

"குட்டி. திரும்பு. மேலே போ."

"எப்படித் திரும்புறது? பின்னாடியும் இருக்காங்க." பிறகு, யாரிடமோ: "அண்ணே, கொஞ்சம் தள்ளாம வாங்கண்ணே." பிறகு கரகரப்பு மட்டும்.

முள்ளக்கா படிக்கட்டை நோக்கி ஒரு அடி வைத்தாள். வைத்த கால் கொஞ்சம் கூடுதலாகக் கீழே போனது. மிகக் கொஞ்சம். மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்து வைக்கும்போது இன்னொரு படி இருந்தால் எப்படி இருக்கும், அதில் நூறில் ஒரு பங்கு. ஆனால் அவள் பாதத்துக்கு அது தெரிந்தது.

அவள் ஐந்தாம் எண்ணின் டயலைப் பார்க்கவில்லை. ஸ்டாண்டின் காலைப் பார்த்தாள். அது நிற்கும் தரையைப் பார்த்தாள்.

இடைவெளி கூடுவதற்கு மேலே இருப்பது எழும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. கீழே இருப்பது தாழ்ந்தாலும் கூடும்.

நாம் நிற்கும் தரை அசையாது. அதுதான் கணக்கின் முதல் வரி. அதை யாரும் எழுதுவதுகூட இல்லை. பதினேழு வருஷமாக அவளும் எழுதவில்லை.

மூடியைத் திருகி, பாட்டிலைச் சாய்த்துத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். சுவர் ஓரத்தில் ஊற்றிய தண்ணீர் ஒரு நொடி தேங்கிவிட்டு நடையின் நடுவை நோக்கி ஓட ஆரம்பித்தது. தரை நடுவில் குழிந்திருந்தது. தண்ணீர் ஓடி, இரண்டாகப் பிரிந்து, எதையோ சுற்றிக்கொண்டு மறுபடி ஒன்றானது. கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி பிரிந்தது. மறுபடி. அது விட்டுவிட்டுப் போன இடங்கள் காய்ந்தே இருந்தன. ஒரு கை அகலத்துக்கு ஒரு சாண் நீளம். இரண்டு இரண்டாக. சில சின்னது. மிகச் சின்னது.

எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. இடமே இல்லாமல்.

அவள் காலுக்கு முன்னால் நாலு விரற்கடையில் ஒரு ஜோடி. விரல் பக்கம் அவளை நோக்கி.

கத்த வாயைத் திறந்தாள். உள்ளே போன காற்று சூடாக இருந்தது. யாரோ மூச்சாக விட்ட காற்று.

ஓட நினைத்தாள். முடியவில்லை. தோளைக் குறுக்கி, பக்கவாட்டில் திரும்பி, தகரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டுதான் நகர முடிந்தது. ஏன் அப்படி நடக்கிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. உடம்பு தானாக வழி கேட்டுக் கேட்டு நடந்தது. இடுப்பில் உரசல். முழங்கையில் உரசல். காதருகே முனகல், இல்லை, தகரத்தின் சத்தம். தகரத்தின் சத்தம்தான்.

"அக்கா."

வாக்கி-டாக்கியிலிருந்தும் வந்தது. பக்கத்திலிருந்தும் வந்தது. முப்பத்தோராம் எண் ஷட்டருக்குப் பின்னாலிருந்து.

"குட்டி! அங்க எப்படிப் போன?"

"தெரியலக்கா. தள்ளிக்கிட்டே வந்துட்டாங்க." குரல் நசுங்கி வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "நகரச் சொல்லுக்கா. மூச்சு முட்டுது."

"இதோ வந்துட்டேன். பயப்படாதே. அக்கா வந்துட்டேன்டா."

பூட்டு இல்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். அசையவில்லை. ஷட்டர் பட்டைகள் நடுவில் வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டு, காடிப் பள்ளத்திலிருந்து பிதுங்கி நின்றன. தோளைக் கொடுத்து உள்பக்கமாக அழுத்தினாள். மறுபடி தூக்கினாள். நகம் பிய்ந்தது. மறுபடி. ஷட்டர் கிறீச்சிட்டு மேலே ஓடியது.

அறை காலி. மூன்று பக்கம் வெள்ளைத் தகரம், மேலே கம்பி வலை, தரையில் ஒன்றுமில்லை. நடுவில் தங்கை.

நிமிர்ந்து நின்றாள். கை இரண்டும் மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தன. தலை ஒரு பக்கம் திரும்பி, கன்னம் தட்டையாக அழுந்தி, உதடு கோணி, பஸ் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து அழுத்தினாற்போல் இருந்தது. அவள் முகத்துக்கு முன்னால் எதுவுமே இல்லை. மஞ்சள் குர்தாவின் மார்புப் பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. செருப்பு இரண்டும் தரையில் கிடந்தன. பாதங்கள் செருப்புக்கு ஒரு சாண் மேலே.

"குட்டி..."

தங்கையின் கண் மட்டும் திரும்பியது. அக்காவைப் பார்த்தது. பிறகு அக்காவின் தோளுக்குப் பின்னால், நடையைப் பார்த்தது. கண் பெரிதாகிக்கொண்டே போனது.

"மூடுக்கா," என்றாள். "ஷட்டரை மூடிட்டு நீ போயிடு. இன்னும் வர்றாங்க."

"உன்னை விட்டுட்டா? பேசாம இரு. கையைக் குடு."

கையை நீட்டினாள். பாதி வழியில் கை நின்றது. ஈரமும் சூடுமான ஏதோ ஒன்றின் மேல், துணி போர்த்திய ஏதோ ஒன்றின் மேல். அது மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தது. அவள் கையை இழுக்கவில்லை. பல்லைக் கடித்து, இன்னும் உள்ளே நுழைத்து, தங்கையின் விரல் நுனியைத் தொட்டாள். தொட்டுவிட்டாள். பிடித்துவிட்டாள்.

அப்போது முதுகில் ஒரு பாரம் சாய்ந்தது. கோபமான தள்ளல் இல்லை. தனக்குப் பின்னால் இருப்பவர்கள் தள்ளுவதால் வேறு வழியில்லாமல் சாய்கிறவர்களின் பாரம். வாசலைத் தாண்டி ஒரு அடி உள்ளே போனாள். இன்னொரு அடி. முழங்கை விலாவோடு இறுகியது. இனி கையை எடுக்க முடியாது. முகம் தங்கையின் முகத்துக்கு நேராக வந்தது. இருவருக்கும் நடுவில் இருந்த இடம் குறைந்துகொண்டே வந்தது.

"தள்ளாதேக்கா."

"நான் தள்ளலடா. நான் இல்ல."

இன்னும் ஒரு அழுத்தம். குதிகால் தரையை விட்டது. அப்புறம் விரல்கள். கால் துழாவியது, தரை அகப்படவில்லை. நெஞ்சு தங்கையின் நெஞ்சில் போய் அழுந்தியது. பால் ஈரம் தன் சட்டையில் ஊறுவது தெரிந்தது. பின்னுக்குப் போகப் பார்த்தாள். முழு பலத்தையும் கொடுத்துப் பின்னுக்குப் போகப் பார்த்தாள். ஒரு விரற்கடை முன்னால்தான் போனாள்.

ஒவ்வொரு விரற்கடைக்கும் தங்கையின் வாயிலிருந்து கொஞ்சம் காற்று அவள் கன்னத்தில் பட்டது. முள்ளக்கா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். காற்று வெளியேதான் வந்தது. திரும்ப உள்ளே போகவில்லை.